ஓடாத பெல்ட்

மீன் சந்தையில் அவரைத் திருப்புளி என்றால்தான் தெரியும். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா செருகியிருப்பதுபோல் அவர் ஒரு சின்னத் திருப்புளியைச் செருகியிருந்தார். டீக்கடையில் உட்காரும் பெஞ்ச் ஆடினால் எழுந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணியை முடுக்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். கூட உட்கார்ந்திருந்தவர்கள் அதுவரை டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எந்தப் பொருளையும் வந்தபடி விட அவரால் முடியாது. கைராசிக்காரர் என்று சிலர் சொன்னார்கள். அது கொஞ்சம் அதிகம். அவர் தொட்ட பொருள்களில் பாதி நன்றாக வேலை செய்தன. மீதிப் பாதி அவர் ஒருவருக்கு மட்டும் நன்றாக வேலை செய்தன. வீட்டுக் குழாயைத் திறக்கும் பக்கம் திருப்பினால் மூடும். இடத்தை அடைக்கிறதென்று அவர் மாற்றிப் பொருத்திய வாசல் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, வருகிறவர் மூக்கில் இடிக்கும்.

அவர் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை பார்த்தாள். நாக்கு கொஞ்சம் நீளம். “இந்த வீட்டுல வந்த மாதிரியே இருக்கறது நான் ஒருத்திதான்,” என்பாள். “அதுவும் என் திருகாணி எங்க இருக்குன்னு இவருக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியல, அதனாலதான்.”

திருப்புளியின் பாதி ஆயுள் பிறருடைய லாரிகளை ஓட்டிக் கழிந்தது. மீன் ஏற்றும் லாரிகள். துறையில் ஏற்றி, ஐஸ் கொட்டி, உள்நாட்டுச் சந்தைகளில் இறக்கிவிட்டு வரவேண்டும். எந்த முதலாளியிடமும் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. ஓட்டுவதில் குறை இல்லை. வண்டியை ஒப்படைக்கும்போது அதில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். சொந்த வண்டி வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கடனில் புதிய லாரி எடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். ஷோரூமில் சாவியைக் கொடுத்த விற்பனையாளர் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

“எதையும் தொட்டுடாதீங்க அண்ணா. தொட்டா வாரண்டி போயிடும்.”

வாரண்டிப் புத்தகத்தில் அப்படி இல்லை. வெளியாள் செய்த மாற்றத்தால் எந்தப் பாகம் கெட்டதோ அந்தப் பாகத்துக்குத்தான் கம்பெனி பொறுப்பேற்காது என்று அதில் இருந்தது. மாற்றத்துக்குத் தொடர்பில்லாமல் கெட்டால் கம்பெனிதான் சரிசெய்து கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. புத்தகத்தில் இருந்தது, எதனால் எது கெட்டது என்ற கேள்வி. விற்பனையாளர் சொன்னது வெறும் பயமுறுத்தல். திருப்புளி புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார். மனதில் தங்கியது பயமுறுத்தல்தான்.

முதல் மழைக்காலம்வரை அவர் எதையும் தொடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது விரதம் மாதிரி. பிறகு சந்தை வியாபாரிகள் ஐஸ் கொட்டிய மீன் வேண்டாம், குளிரூட்டிய பெட்டியில் வருகிற மீன்தான் வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கம்பெனி அங்கீகரித்த இடத்தில் கூலிங் பொருத்த வேண்டுமானால் காத்திருப்போர் வரிசை நீளம். மனைவியின் தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கூலிங் யூனிட் ஒன்றும் அவன் கைக்கு வந்திருந்தது.

“மாமா, இன்ஜின்ல இருந்தே ஒரு பெல்ட்ட எடுத்து கம்ப்ரசர ஓட்டிடலாம்,” என்றான் மச்சினன். “ஒரு பிராக்கெட் அடிச்சா போதும்.”

“வாரண்டி?”

“இன்ஜினுக்கு நாம என்ன ஊசியா போடறோம்? பக்கத்துல ஒரு ஆள உக்கார வைக்கிறோம். அவ்ளோதான்.”

மச்சினன் ஒல்லியானவன். பேச்சுதான் அலட்சியம், வேலையில் அப்படி இல்லை. கம்ப்ரசரைத் தாங்கும் அந்தப் பிராக்கெட்டுக்கு ஒரு முழுப் பகல் செலவழித்தான். பெல்ட் சுற்றும் இன்ஜின் புல்லிக்கும் கம்ப்ரசர் புல்லிக்கும் குறுக்கே நூல் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, தட்டி, மறுபடி பார்த்து, அதன் பிறகுதான் வெல்டிங் வைத்தான். பெல்ட் ஒரு பக்கமாக இழுத்தால் இன்ஜினின் முன்முனை தாங்காது என்று அவனுக்குத் தெரியும். கூலிங் ஓடியது. மீன் கெடாமல் போய்ச் சேர்ந்தது. இருவரும் வண்டியின் முன்னால் நின்று, குழந்தை நடப்பதைப் பார்ப்பதுபோல் பெல்ட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கோடையில், நல்ல வெயிலில், நெடுஞ்சாலையில் இன்ஜின் நின்றது. முதலில் ஆயில் விளக்கு எரிந்தது. அவர் ஓரங்கட்டுவதற்குள் உள்ளே இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஸ்டார்ட் செய்தால் டக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உள்ளே இரும்பு இறுகி இன்ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது. கூலிங்கும் அதோடு நின்றது. மாற்று வண்டி வந்து சேர்வதற்குள் பெட்டியின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்து, அந்தத் தண்ணீர் நாறவும் ஆரம்பித்துவிட்டது. போகிற வண்டிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின.

கட்டி இழுக்கும் வண்டியோடு மச்சினனும் வந்தான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுக்கச் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். திருப்புளி சாலையோரம் உட்கார்ந்து கேட்டது இதுதான்:

“இத இப்படியே பாத்தா வாரண்டி கொடுப்பானா?”

“தொட்டா போயிடும்னு சொன்னான்ல?”

“அப்ப தொடாத மாதிரி ஆக்கிடலாம்.”

வண்டி பட்டறைக்குப் போனது. இருவரும் சேர்ந்து கூலிங்கைக் கழற்றினார்கள். பிராக்கெட்டின் ஒரு போல்ட் புல்லிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதை எட்ட வேண்டுமானால் இன்ஜினையே தூக்க வேண்டும். மச்சினன் கேஸ் கட்டரை எடுத்துப் பிராக்கெட்டை இரண்டாக அறுத்து உருவினான். மாட்டிய இடத்தில் மிச்சமிருந்த போல்ட் ஓட்டைகளைக் கம்பெனி போல்ட் போட்டு அடைத்தார்கள். கிரீஸையும் தூசியையும் கலந்து பூசினார்கள். கூலிங் பொருத்தியபோது கழற்றிய கம்பெனி பெல்ட்டை எங்கே வைத்தார்களென்று இருவருக்கும் நினைவில்லை. அதனால் கடையில் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். பிராக்கெட் துண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கம்ப்ரசரை ஓட்டிய பெல்ட் குப்பை வண்டியோடு போனது.

வேலை முடிந்ததும் திருப்புளி இன்ஜினைச் சுற்றி வந்து பார்த்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பொருளை வந்தபடி ஆக்கியிருந்தார். பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் வாரண்டி பார்க்கிற இன்ஜினியர் ஒரு பெண். அதிகம் பேசாதவர், கடுமையானவர் என்றும் சொல்ல முடியாது. ஆட்களை விட்டுக் கேபினை முன்னால் சாய்க்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பெல்ட்டின் உட்புறம் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

“இந்தப் பெல்ட் எப்ப போட்டீங்க?”

“வண்டியோட வந்ததுதான் மேடம்.”

“ஓடின பெல்ட்டா?”

“ஓடாம? ஊரெல்லாம் ஓடியிருக்கு.”

அவர் துணியைக் காட்டினார். பிறகு பெல்ட்டின் முதுகில் அழியாமல் பளிச்சென்றிருந்த எழுத்துக்களைக் காட்டினார். “ஓடின பெல்ட் கறுப்பா பொடி விடும். எழுத்து அழிஞ்சிருக்கும். இது ஒரு சுத்துகூடச் சுத்தல.”

“நல்ல கம்பெனி பெல்ட் மேடம். தேய்மானம் கம்மி.”

ஸ்பானரோடு நின்ற மெக்கானிக் ஒருவர் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. “இன்ஜின் பிடிச்ச பிறகு மாட்டின பெல்ட் அண்ணா இது. செத்த பிறகு போட்ட செருப்பு மாதிரி இருக்கு. இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?”

 இறந்தவருக்குச் செருப்பு மாட்டியது தன் கைதான் என்பது திருப்புளியின் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“சரி. இன்ஜினப் பிரிச்சுப் பாக்கறேன். அதுக்குள்ள ஞாபகம் வந்தா சொல்லுங்க.”

பிரித்துப் பார்த்ததில் ஆயில் பம்ப்பின் பல்சக்கரம் உடைந்திருந்தது. அந்த இன்ஜினில் பம்ப் முன்முனையில், புல்லிக்கு நேர் பின்னால் இருக்கிறது. பம்ப் உடைந்து ஆயில் ஏறாமல் பேரிங்கெல்லாம் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருப்புளியைக் கூப்பிட்டு, மேசைமேல் துணி விரித்து, உடைந்த பல்லை வைத்துக் காட்டினார் இன்ஜினியர்.

“இது தானா உடைஞ்சிருந்தா எங்க தப்பு. புது இன்ஜின் மாட்டித் தரணும், தருவோம். வேற ஏதாவது பெல்ட் போட்டு முன்பக்கத்த ஒரு ஓரமா இழுத்து, அந்த இழுப்புல உடைஞ்சிருந்தா உங்க தப்பு. ரெண்டும் நடக்கலாம். நீங்க ஏதோ மாட்டியிருந்தீங்கன்றதுக்காக நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

திருப்புளி நிமிர்ந்தார். “மாட்டியிருந்தாலும் வாரண்டி உண்டா?”

“அதனால கெடலன்னா உண்டு. அப்படித்தான் எழுதியிருக்கு.”

“தொட்டாலே போயிடும்னு சொன்னாங்களே மேடம்.”

“யார் சொன்னா?”

 அதை விட்டுவிட்டுத் திருப்புளி எல்லாவற்றையும் சொன்னார். கூலிங், பிராக்கெட், மச்சினன் நூல் கட்டிப் பார்த்தது, அறுத்தது, எல்லாம். இன்ஜினியர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அந்தப் பிராக்கெட்டக் கொண்டு வாங்க,” என்றார் கடைசியில். “நேரா இருந்துச்சுன்னா அளந்தா தெரிஞ்சுடும். நேரா இருந்தா என் கையாலயே எழுதித் தரேன்.”

பொய் சொன்னதற்கு அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திருப்புளிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். குவியல் இன்னும் உருக்காலைக்குப் போகவில்லை. துருப்பிடித்த கட்டில் கால்களுக்கும் சைக்கிள் ரிம்களுக்கும் அடியில் குனிந்து தேடியதில் ஒரு துண்டு கிடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் கிடைத்தது. முழங்கை கிழிந்து ரத்தம் வந்ததை அவர் கவனிக்கவில்லை. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்.

இந்த இடத்தில் அவரை நிறுத்தியிருக்கக்கூடிய ஆள் யாரும் அங்கே இல்லை. மனைவி வேலையில் இருந்தாள். மச்சினனுக்கு மாமாவின் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

“இப்படிக் குப்பை மாதிரி கொண்டு போனா அந்தம்மா என்ன நினைப்பாங்க?” என்றார் திருப்புளி. “எங்கயோ பொறுக்கினதுன்னு நினைச்சுட்டா?”

“பொறுக்கினதுதானே மாமா.”

“விளையாடாத. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படிப் பண்ணிக் கொடு. அச்சு அசலா.”

மச்சினன் அறுத்த வாய்களைத் தேய்த்துச் சமமாக்கினான். இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைத்தான். தையல் தெரியாமல் வழவழவென்று அரைத்தான். துருவையெல்லாம் உப்புத்தாள் போட்டு எடுத்தான். திருப்புளி கறுப்புப் பெயின்ட் அடித்தார். நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை இன்ஜினியரின் மேசைமேல் அதை வைத்தார்கள். மச்சினனும் கூட வந்திருந்தான், குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில். இன்ஜினியர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தளர்ந்தது.

“இதப் புதுசா வெல்ட் பண்ணீங்களா?”

“ஆமா மேடம்,” என்றான் மச்சினன், கொஞ்சம் பெருமையாக. “அறுத்த இடம் எதுன்னு நீங்களே கண்டுபிடிக்க முடியாது.”

“அதான் பிரச்சினையே.” அவர் அதை மெல்லக் கீழே வைத்தார். “ரெண்டு துண்டாவே கொண்டு வந்திருந்தா அறுத்த வாய வாயோட பொருத்தி வச்சுப் பாத்திருப்பேன். ஏறக்குறைய எப்படி இருந்துச்சுன்னு கிடைச்சிருக்கும். பெல்ட் ஒரு பக்கமா உரசியிருந்தா இங்க தடம் இருந்திருக்கும். உரசலன்னா இருந்திருக்காது. அந்த இடத்தையும் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க.”

“அளந்து பாருங்க மேடம், நேராத்தான் இருக்கும்,” என்றார் திருப்புளி.

“நேராத்தான் இருக்கும் அண்ணா. நேத்து நேராக்கினது. நான் கேக்கறது அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு. அது இதுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும் மேடம்,” என்றான் மச்சினன். “நான்தான் வச்சேன். நூல் கட்டிப் பாத்து வச்சேன்.”

அவர் அவனைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. “நீங்க சொல்றத நான் எழுத முடியாதே தம்பி,” என்றார்.

கூலிங்குக்காகச் செய்த மாற்றம் காரணமில்லை என்று உறுதிசெய்ய வழியில்லாததால் இன்ஜினுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது. வண்டியின் மற்ற பாகங்களுக்கு, விளக்கு, கதவு, கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும், வாரண்டி இன்னும் இருந்தது. அதைச் சொன்னபோது திருப்புளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இன்ஜின் இல்லாத லாரியின் கதவுக்கு வாரண்டி உண்டு. புது இன்ஜின் போட அவரால் முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி பிறர் லாரிக்குப் போனார். வயதானவர் என்று இப்போது பகல் ஓட்டம் மட்டும் கொடுத்தார்கள்.

வண்டி போனதை மனிதர்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாமல் போனது வேறொன்று. நூல் கட்டிய அந்தப் பகலை அவர் திரும்பத் திரும்ப நினைத்தார். மச்சினன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். எந்தக் கண்? தட்டினான். கடைசியாகத் தட்டிய பிறகு பார்த்தானா, பார்க்காமலே வெல்டிங் வைத்தானா? நினைக்க நினைக்கப் பிராக்கெட் ஒரு நாள் நேராக இருந்தது, மறுநாள் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை அவர்களே தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். தப்பே செய்யாத ஆள் என்று மச்சினனை விடுவிக்கவும் வழியில்லை. தப்புச் செய்தவன் என்று திட்டித் தீர்க்கவும் வழியில்லை.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் மச்சினன் வந்தான். கதவு இடிக்காமல் ஒதுங்கி நின்று உள்ளே வந்தான். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவன் உட்காரவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு மச்சான்.”

“நான் அத நேராத்தான் வச்சேன்.”

“அதான் நானும் எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“எல்லார்கிட்டயும் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. திருப்புளி ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கேட்டவுடன் மறுபடி அந்த நூல், அந்தத் தட்டல், மூடிய கண் எல்லாம் வந்து நின்றன. அவர் யோசித்தார். சில நொடிகள்தான் இருக்கும். மச்சினன் அந்த நொடிகளில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேராத்தான் இருந்துச்சு,” என்றார் அவர்.

“சரி மாமா,” என்றான் மச்சினன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய வழக்கமான கிண்டல் எதுவும் முகத்தில் இல்லை. “கம்பெனிக்காரங்ககிட்ட அவ்வளவு பொய் சொன்னீங்க, வாய் கூசல,” என்றாள். “என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை. அத உடனே சொல்ல முடியல உங்களால.”

“பொய்யில்லயே. நேராத்தானே இருந்துச்சுன்னு சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மச்சினன் அந்த வீட்டுக்கு வரவில்லை. சண்டை என்று சொல்வதற்கில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பான், ஓட்டம் எப்படிப் போகுது மாமா என்று கேட்பான். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்குப் போவான். வேலை முடிந்து அவள் வரும்வரை, ஈரத் துணிகள் ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கு வழிவிட்டு, சுவரோரம் நின்றிருப்பான்.